ஸ்ப்ரிண்ட்டும் சொன்ன சொல்லும்

கொடைக்கானல் டவுனில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர் வட்டக்கானல். இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள் வந்து வந்து தங்கியதில் 'குட்டி இஸ்ரேல்' என்றே பட்டப்பெயர் வாங்கிய இடம். வார இறுதி என்றால் சென்னை, பெங்களூரு பக்கத்துப் பொட்டி தட்டும் கூட்டமும் அங்கே உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, சனிக்கிழமை காலையில் கொடைக்கானலில் கண் விழித்து, ஒரு டாக்ஸி பிடித்து வட்டக்கானலில் வந்து இறங்கும் கோஷ்டிகள்.

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். வந்த ஐந்து பேரில் நாலு பேர் டால்பின் நோஸ் பாறையைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். ஒருத்தர் மட்டும் டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மொபைலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து சிக்னல் தேடிக்கொண்டிருக்கிறார்.

"என்னடா, வரலையா?"

"இல்லடா, ஒரு ஸ்டோரி பாக்கி. இந்த ஸ்ப்ரிண்ட்ல முடிக்கிறதா கமிட் பண்ணியாச்சு. திங்கக்கிழமை டெமோ."

"யார் கமிட் பண்ணது?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. ஒரு சிரிப்பு வரும். இல்லாவிட்டால் டேமேஜர் பெயர் வரும் (மேனேஜர் என்றும் சொல்லலாம்). இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் எது வாக்கு, எது உத்தேசம், யார் கொடுத்தால் அது வாக்கு? மென்பொருள் துறையில் இந்த மூன்றும் ஒன்றோடு ஒன்று குழம்பிப் போயிருக்கின்றன. அந்தக் குழப்பத்தின் விலையைக் கொடுப்பது பெரும்பாலும் டீமில் கடைசியாகச் சேர்ந்தவர்.

அஜைல்: ஒரு சின்ன முன்கதை

கம்ப்யூட்டர் படிக்காத நண்பர்களுக்காக இரண்டு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் 17 மென்பொருள் ஆசாமிகள் கூடினார்கள். (அவர்களும் மலைக்குத்தான் போனார்கள் என்பதைக் கவனிக்கவும்!) ஒரு வருடத்துக்கான திட்டத்தை முதலிலேயே எழுதி, அதை வரிக்கு வரி பின்பற்றி, கடைசியில் யாருக்கும் உதவாத ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பழக்கத்தில் வெறுத்துப் போனவர்கள் அவர்கள். அந்தக் கூட்டத்தில் எழுதியதுதான் அஜைல் அறிக்கை. திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட மாற்றத்துக்கு ஏற்ப நடப்பதற்கு அதிக மதிப்பு, காகிதத்தைவிட ஓடுகிற மென்பொருளுக்கு அதிக மதிப்பு என்று நாலே நாலு மதிப்பீடுகள், அவற்றுக்குப் பின்னால் 12 கொள்கைகள். அவற்றில் ஒரு கொள்கை, வேலை செய்பவர்கள் காலவரையில்லாமல் ஒரே சீரான வேகத்தில் போக முடிய வேண்டும் என்கிறது. நம்மூரில் அஜைல் பயிற்சி வகுப்புகளில் அதிகம் அடிபடாத கொள்கை இதுவாகத்தான் இருக்கும்.

அஜைல் முறைகளில் அதிகம் புழங்குவது ஸ்க்ரம். பெயர் ரக்பி விளையாட்டில் இருந்து வந்தது. ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வாபரும் 1995-ல் ஒரு மாநாட்டில் இதை முன்வைத்தார்கள். ஒரு மாதத்துக்கு மிகாத, வழக்கமாக இரண்டு வாரக் கெடுவுக்கு ஸ்ப்ரிண்ட் என்று பெயர். ஸ்ப்ரிண்ட் தொடங்கும்போது டீம் உட்கார்ந்து, செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் இருந்து இந்தச் சுற்றில் என்னவெல்லாம் செய்வது என்று எடுத்துக்கொள்ளும். தினமும் 15 நிமிடம் கூடிப் பேசும். கடைசியில் செய்து முடித்ததைக் காட்டும். அவ்வளவுதான். எளிமையான ஏற்பாடு. வில்லங்கம் எல்லாம் அந்த 'எடுத்துக்கொள்ளும்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

ஒரு சொல் மாறிய கதை

ஷ்வாபரும் சதர்லேண்டும் எழுதிய ஸ்க்ரம் கையேடு 2010-ல் வெளிவந்தது. அதில் டீம் ஸ்ப்ரிண்ட்டில் எடுத்துக்கொள்ளும் வேலைகளைக் குறிக்க 'கமிட்' என்ற சொல் இருந்தது. அதாவது உறுதிமொழி. அடுத்த வருடமே, 2011 பதிப்பில், அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'ஃபோர்காஸ்ட்' என்று போட்டார்கள். வானிலை அறிக்கையில் வருகிற அதே சொல். அதாவது முன்கணிப்பு.

ஏன் மாற்றினார்கள்? 'இத்தனை வேலை முடிப்போம்' என்பது மனிதர்கள் மேல் வைக்கும் கணிப்பு மட்டும் அல்ல. இன்னும் எழுதப்படாத கோட், யாருக்கும் முழுதாகத் தெரியாத பழைய சிஸ்டம், நாளைக்கு மனசு மாறப் போகும் க்ளையண்ட் எல்லாம் அதில் அடக்கம். அப்படிப்பட்ட ஒன்றை சத்தியப் பிரமாணம் ஆக்கினால் என்ன ஆகும்? சத்தியத்தைக் காப்பாற்ற ராத்திரி கண் விழிப்பார்கள், அல்லது டெஸ்ட் செய்யாமல் 'முடிந்தது' என்று தள்ளிவிடுவார்கள். இரண்டும் நடந்தது, இன்றும் நடக்கிறது.

அப்படியானால் ஸ்க்ரமில் உறுதிமொழியே கிடையாதா? உண்டு. 2016 பதிப்பில் ஸ்க்ரமின் ஐந்து மதிப்பீடுகளில் ஒன்றாக 'கமிட்மெண்ட்' திரும்ப வந்தது. 2020 பதிப்பில் எதற்கெல்லாம் உறுதி கொடுக்கிறோம் என்றே பிரித்து எழுதிவிட்டார்கள். தயாரிப்பு எதற்காக என்ற நீண்டகால இலக்கு, இந்த ஸ்ப்ரிண்ட்டின் இலக்கு, 'முடிந்தது' என்றால் என்ன என்ற வரையறை. இந்த மூன்றுக்கும்தான் வாக்கு. எத்தனை ஸ்டோரி, எத்தனை பாயிண்ட் என்பதற்கு இல்லை.

ஒரு உதாரணம். 'கடவுச்சொல்லை மறந்த வாடிக்கையாளர் யாருக்கும் போன் போடாமல் தானே அதை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும்.' இது ஸ்ப்ரிண்ட் இலக்கு. எஸ்எம்எஸ் வழியாக ஒன்று, மின்னஞ்சல் வழியாக ஒன்று என்று இரண்டு ஸ்டோரி எடுத்திருக்கிறார்கள். நடுவில் எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை கிடைக்கவில்லை. ப்ராடக்ட் ஓனரிடம் பேசி, இந்தச் சுற்றில் மின்னஞ்சல் மட்டும் போதும் என்று முடிவு செய்து, அதை ஒழுங்காகச் செய்து கொடுக்கிறார்கள். கணக்குப்படி பாதி ஸ்டோரிதான் முடிந்தது. ஆனால் வாடிக்கையாளர் தானே மாற்றிக்கொள்கிறார். வாக்கு காப்பாற்றப்பட்டதா இல்லையா? காப்பாற்றப்பட்டது. மாறாக, இரண்டையும் அரைகுறையாகச் செய்து இரண்டுக்கும் டிக் போட்டிருந்தால், கணக்கு நூற்றுக்கு நூறு. வாக்கு பூஜ்யம்.

சூரியனுக்குக் கொடுத்த வாக்கு

இந்த வித்தியாசம் புரிய ஸ்னோபேர்ட் வரை போக வேண்டாம். அந்த டீக்கடை பெஞ்சில் இருந்து கொஞ்ச தூரத்தில் அதே கொடைக்கானலில் ஒரு டீம் நூறு வருடங்களுக்கு மேல் இதைச் செய்துகாட்டியிருக்கிறது. அவர்களுக்கு அஜைல் என்ற பெயரே தெரியாது.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம். சென்னையில் இருந்த வானாய்வு வேலையை மலைக்கு நகர்த்தி 1899-ல் அமைத்தார்கள். 1870களின் கொடும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் போக்குக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற அக்கறையும் அதற்கு ஒரு காரணம். 1901-ல் அங்கே பார்வைப் பணி தொடங்கியது. 1904 முதல் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைக்கிறார்கள். ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தது இங்கேதான். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்று அவர் பெயரில்தான் இருக்கிறது. இப்போது ஆய்வகம் பெங்களூரில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது.

இந்த டீம் என்ன வாக்கு கொடுத்தது? 'வருடத்துக்கு 365 படம்' என்றா? அப்படிக் கொடுத்திருந்தால் முதல் மழைக்காலத்திலேயே பொய்யர்கள் ஆகியிருப்பார்கள். கொடைக்கானல் மேகம் யார் பேச்சையும் கேட்காது. அவர்கள் உண்மையில் கட்டிக் காத்தது இதைத்தான்: வானம் இடம் கொடுக்கும் நாளெல்லாம் படம் எடுக்க வேண்டும், எடுக்கும் படம் முந்தைய படங்களோடு ஒப்பிடக்கூடிய தரத்தில் இருக்க வேண்டும். வானம் மூடிய நாளில் படம் இல்லை. அந்த நாள் வெற்றிடமாகவே இருக்கும். யாரும் நேற்றைய படத்தை இன்றைய தேதி போட்டு வைக்கவில்லை.

'எத்தனை படம்' என்பது முன்கணிப்பு, அது வானத்தைப் பொறுத்தது. 'எப்படிப்பட்ட படம், எந்த ஒழுங்கில்' என்பது உறுதிமொழி, அது ஆட்களைப் பொறுத்தது. முன்னதில் தவறினால் குற்றம் இல்லை. பின்னதில் தவறினால் மொத்தத் தொகுப்பும் குப்பை. வெள்ளைக்காரன் ஆட்சி போனது, ஆட்கள் மாறினார்கள், கண்ணாடித் தகட்டில் இருந்து டிஜிட்டலுக்கு மாறினார்கள். ஆனாலும் ஒரு நூற்றாண்டுத் தொடர் என்று உலகமெங்கும் சூரிய ஆராய்ச்சியாளர்கள் அந்தப் படங்களைத் தேடி வருகிறார்கள் என்றால், காரணம் படங்களின் எண்ணிக்கை மட்டும் இல்லை. 'முடிந்தது' என்ற சொல்லுக்கு அங்கே ஒரே அர்த்தம் இருந்ததுதான் காரணம்.

நம் ஐ.டி. டீம்களில் 'முடிந்தது' என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம்? கோட் எழுதியாச்சு என்பதும் முடிந்ததுதான். 'என் மெஷின்ல ஓடுது' என்பதும் முடிந்ததுதான். டெஸ்டர் இன்னும் தொடவே இல்லை, அதுவும் முடிந்ததுதான். இந்த மூன்று முடிந்ததுகளுக்கும் ப்ரொடக்ஷனில் ஓடுவதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் பலருடைய சனி ஞாயிறுகள் விழுந்து காணாமல் போகின்றன.

எண்ணிக்கையைக் காப்பாற்றி இலக்கைத் தொலைத்தால்

எண்ணிக்கையை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் வட்டக்கானலைச் சுற்றியே சாட்சி நிற்கிறது. மரமாக நிற்கிறது.

பழனி மலையின் உச்சிப் பகுதி ஒரு காலத்தில் சோலையும் புல்வெளியும் கலந்த நிலம். பள்ளங்களில் சோலைக் காடு, மேடுகளில் புல். மழைநீரைப் பிடித்து வைத்து மெதுவாக ஓடைகளுக்கு விடுவது இந்தக் கூட்டணிதான். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குப் புல்வெளி வெறும் தரிசு. தோல் பதனிட டானின் வேண்டும், விறகு வேண்டும், கூழ் வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டில் அங்கே வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். இத்தனை ஏக்கரில் மரம் நட வேண்டும் என்பது திட்டம். நட்டாயிற்று. திட்டத்தின்படி பார்த்தால் வெற்றி.

விளைவு? பழனி மலைப் புல்வெளிகளைப் பற்றி 2018-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. 1973-ல் இருந்து 2014 வரை செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டதில், நாற்பது வருடங்களில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி காணாமல் போயிருந்தது. மரத்தோட்டங்களும் விவசாயமும் விழுங்கிவிட்டன. வாட்டில் நட்ட இடத்தோடு நிற்காமல் தானாகவும் பரவியது. நட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சொன்ன எண்ணிக்கையை முடித்துக் கொடுத்தவர்கள். எதற்காக நடுகிறோம் என்ற கேள்விதான் நடுவில் தொலைந்து போனது.

வேறொரு டீமும் அங்கே வேலை செய்தது. இங்கிலாந்தில் இருந்து வந்து வட்டக்கானலில் குடியேறிய பாப் ஸ்டீவர்ட், டான்யா பால்கர் தம்பதி ஊர்க்காரர்களோடு சேர்ந்து வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை உருவாக்கினார்கள். சோலை மரக் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து, சீரழிந்த சோலைகளில் நட்டு மீட்கும் வேலை. சோலை மரம் சட்டென்று வளர்வது இல்லை. இரண்டு வாரத்தில் டெமோ காட்ட முடியாத ப்ராஜெக்ட். இதில் பாடம் என்னவென்றால், பழனி மலையில் இப்படி வேலை செய்தவர்கள் போகப் போகத் தெரிந்துகொண்ட விஷயங்கள். வேற்று மரங்களை எல்லாம் ஒரே அடியாக வெட்டித் தள்ளிவிட்டால் போதும் என்பது முதலில் யாருக்கும் தோன்றும் எண்ணம். ஆனால் பழைய தோட்டங்கள் சிலவற்றின் நிழலிலேயே சோலை மரங்கள் தாமாக முளைத்து வருவதைக் கண்டார்கள். அங்கே கோடாலியை எடுத்தால் சோலைக்கும் சேர்த்து ஆப்பு. வேறு இடங்களிலோ, பரவிக்கொண்டிருக்கும் வாட்டிலைத் தடுத்துப் புல்லைக் காப்பதுதான் அவசரம். ஆக, திட்டம் இடத்துக்கு இடம் மாற வேண்டியிருந்தது. சோலையும் புல்வெளியும் ஓடையும் பிழைக்க வேண்டும் என்ற இலக்கு மாறவில்லை.

திட்டத்தை மாற்றியதால் இவர்கள் வாக்குத் தவறியவர்களா? திட்டத்தை மாற்றாததால் வாட்டில் நட்டவர்கள் வாக்கைக் காப்பாற்றியவர்களா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தவருக்கு அஜைல் பயிற்சி வகுப்பே தேவை இல்லை.

ஸ்டோரி பாயிண்ட், வெலாசிட்டி எல்லாம் இந்த வாட்டில் மாதிரிதான். டீம் தன் வேகத்தைத் தானே தெரிந்துகொள்ள வந்த அளவுகோல். அதையே வாக்காக மாற்றினால், இரண்டு பாயிண்ட் வேலை அடுத்த மாதம் ஐந்து பாயிண்ட் ஆகும். அறிக்கையில் பச்சை நிறம் பரவும். அடியில் புல் காயும்.

'தேதி ஃபிக்ஸ் ஆயிடுச்சு சார்'

இதெல்லாம் பேச நன்றாக இருக்கிறது, க்ளையண்ட் தேதி கேட்பாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மூர் ஐ.டி. தொழிலில் ஆன்சைட்டில் இருப்பவர் தலையை ஆட்டினால் ஆஃப்ஷோரில் இருப்பவர் கண் விழிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒப்பந்தத்தில் தேதி இருக்கிறது, தவறினால் அபராதம் இருக்கிறது. 'எங்களுடையது முன்கணிப்பு மட்டும்தான்' என்று க்ளையண்ட்டிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார்.

தேதி மாறக் கூடாது என்றால் சரி, மாறாமல் இருக்கட்டும். ஆனால் தேதி, வேலையின் அளவு, தரம் மூன்றையும் ஒரே நேரத்தில் ஆணி அடித்து நிறுத்த முடியாது. தேதி நிலையானது என்றால் அளவு நெகிழ வேண்டும். அளவை நெகிழ விடாமல் இரண்டையும் பிடித்துக்கொண்டால், யாரும் கேட்காமலேயே தரம் நெகிழ்ந்துவிடும்.

நாடே பார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது. இன்ஃபோசிஸ் உருவாக்கிய புதிய வருமான வரி இணையதளம் 2021 ஜூன் 7 அன்று திறக்கப்பட்டது. அறிவித்த தேதியில் திறந்தாயிற்று. ஆனால் முதல் நாளில் இருந்தே புகார் மேல் புகார். உள்ளே நுழைய முடியவில்லை, படிவம் சேமிக்கப்படவில்லை. ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக்கை அழைத்துப் பேசி, செப்டம்பர் 15-க்குள் சரி செய்யச் சொன்னார். தனிநபர்கள் கணக்குத் தாக்கல் செய்யும் கெடு கடைசியில் டிசம்பர் 31 வரை நீண்டது. தேதி என்ற வாக்கு ஜூனிலேயே காப்பாற்றப்பட்டுவிட்டது. மக்கள் சிரமமில்லாமல் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதற்காகத்தானே அந்தத் தேதியே? அந்த வாக்குக்கு அப்புறமும் பல மாதங்கள் தேவைப்பட்டன. தேதியைக் காப்பாற்றுவதும் வாக்கைக் காப்பாற்றுவதும் ஒன்று இல்லை.

தாமதமாகும் ப்ராஜெக்ட்டில் இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிடலாம் என்ற மருந்தும் வேலைக்கு ஆகாது. ஃபிரெட் ப்ரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார்: தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க, ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் பழைய ஆட்களின் நேரம்தான் போகும்.

மறுபக்கமும் உண்டு

இதுவரை படித்துவிட்டு, 'அப்பாடா, கமிட்மெண்ட்னு ஒண்ணே கிடையாது' என்று யாராவது ஜாலியாகக் கிளம்பினால் அதுவும் தப்பு. முன்கணிப்பு என்ற சொல்லைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு தூங்கும் டீம்களும் இருக்கின்றன. ஒவ்வொரு ஸ்ப்ரிண்ட்டிலும் பாதி ஸ்டோரி அடுத்ததற்குத் தள்ளப்படும். ஏன் என்று கேட்டால் 'அஜைல்ல இதெல்லாம் சகஜம்' என்று பதில். தினமும் 15 நிமிடக் கூட்டத்தில் 'நேத்து அதே வேலை, இன்னிக்கும் அதே வேலை, பிரச்சினை ஒண்ணும் இல்லை' என்று பத்து நாள் ஒப்பித்துவிட்டு, பதினோராவது நாள் 'முடியல' என்று கை விரிப்பது.

வானிலை ஆய்வு மையம் புயல் வருமா வராதா என்று தவறாகச் சொல்லலாம், மன்னிக்கலாம். புயல் திசை மாறியது தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தால் மன்னிக்க முடியுமா? அதுதான் விஷயம். முன்கணிப்பு தவறுவது தவறு இல்லை. தவறப் போகிறது என்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் வாக்குத் தவறுதல். ஏனென்றால் அந்தப் பக்கம் ஒரு டெஸ்டர் காத்திருக்கிறார். ஆவணம் எழுதுபவர் காத்திருக்கிறார். இதை நம்பி வேறு யாரோ யாருக்கோ ஒரு தேதி சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் சொல்லியிருந்தால் அவர்கள் எல்லோரும் தங்கள் வேலையை மாற்றி அமைத்திருக்கலாம். கடைசி நாள் சொன்னால் அமைக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

ஆனால் மூன்றாம் நாள் சொல்வதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. சொன்னவரைக் கடித்துக் குதறாத டீமாக இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒருத்தர் 'இது எனக்குக் கஷ்டமா இருக்கு' என்று சொன்ன முதல் நாளே நக்கலடித்தால், இரண்டாவது முறை அவர் வாய் திறக்க மாட்டார். அப்புறம் வட்டக்கானலுக்கு லேப்டாப் தூக்கிக்கொண்டு வருவார். வாக்கு தவறியவரைத் தேடும் முன், உண்மையைச் சொல்ல முடியாமல் ஆக்கியது யார் என்று தேடுவது நல்லது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம்

ஒழுங்கான உறுதிமொழி எப்படி இருக்கும்? கணக்கில் இருந்து தொடங்கும். 5 பேர், 10 வேலை நாள், மொத்தம் 50 ஆள்-நாள் என்று கூசாமல் போடுவதுதான் வழக்கம். அதில் ஒருத்தருக்கு ஊரில் கல்யாணம், 2 நாள். மற்ற கூட்டங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் ஆளுக்கு ஒரு நாள், ஆக 5. ப்ரொடக்ஷனில் ஏதாவது வெடித்தால் அணைக்க 4. மற்றவர் கோடைப் படித்துப் பார்க்க 4. மிஞ்சுவது 35. இந்த 35-ஐ வைத்து வேலை எடுத்தால் அது உறுதி. 50-ஐ வைத்து எடுத்தால், மிச்ச 15 நாள் யாருடைய தூக்கத்தில் இருந்தோ எடுக்கப்படுகிறது என்று அர்த்தம்.

அடுத்தது, வேலையைச் செய்யப் போகிறவரே அளவைச் சொல்ல வேண்டும். ஒரு ஸ்ப்ரிண்ட்டில் எவ்வளவு முடியும் என்பதை வேலை செய்கிறவர்கள்தான் மதிப்பிட முடியும் என்பது ஸ்க்ரமின் அடிப்படை. இன்னொருத்தர் வாயால் கொடுத்த வாக்கு வாக்கு இல்லை, கட்டளை. கட்டளைக்குக் கீழ்ப்படியலாம், முணுமுணுக்கலாம், வேலையை விட்டும் போகலாம். ஆனால் அதைக் 'காப்பாற்ற' முடியாது. தான் கொடுத்ததைத்தானே காப்பாற்ற முடியும்?

இது எல்லாம் வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் கல்லூரி நண்பர்களுக்கு ஒரு விஷயம். இந்தப் பழக்கம் தொடங்கும் இடமே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்தான். நாலு பேர் டீம். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நாலு பேரும் தலையாட்டுவார்கள். முதல் ரிவ்யூவில் கைடு 'அடுத்த மாசம் டேட்டாபேஸ் முடிஞ்சிடுமா?' என்று கேட்டால், டீமில் தைரியசாலி ஒருத்தர் 'முடிஞ்சிடும் சார்' என்பார். டேட்டாபேஸ் செய்ய வேண்டியவர் அப்போது பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி ஒருத்தர் மட்டும் விழித்திருந்து எல்லாவற்றையும் ஒட்ட வைப்பார். மறுநாள் ரிப்போர்ட்டில் நாலு பெயர் இருக்கும்.

அங்கே தரையைப் பார்த்தவர் நாளை அலுவலகத்திலும் தரையைத்தான் பார்ப்பார். அங்கே இன்னொருத்தருக்காகத் தலையாட்டியவர்தான் நாளைக்கு டேமேஜர். 'சார், அதை இவன்தான் செய்யப் போறான், இவனைக் கேட்டுச் சொல்றோம்' என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் கதையே வேறு. கைடு முறைத்திருப்பார், ஒரு நிமிடம் சங்கடமாக இருந்திருக்கும். ஒரு மாதம் நிம்மதியாகப் போயிருக்கும்.

வட்டக்கானல் டீக்கடை பெஞ்சுக்குத் திரும்பலாம். லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவர் நல்லவர்தான். டீமைக் கைவிடக் கூடாது என்ற எண்ணம்தான் அவரை அங்கே உட்கார வைத்திருக்கிறது. அந்த எண்ணம் விலைமதிப்பில்லாதது. அதனால்தான் அதை இப்படி வீணாக்குவது அநியாயம். அந்த எண்ணத்தை 'சமாளிச்சுக்குவான்' என்று கணக்கில் எழுதாமல் எடுத்துச் செலவழிக்கிற டீம், ஒரு நாள் அது தீர்ந்துபோனதைப் பார்க்கும். அப்போது ராஜினாமா மின்னஞ்சல் வரும், கூடவே எல்லோருக்கும் ஆச்சரியமும் வரும்.

திங்கட்கிழமை டெமோ எப்படியோ முடிந்துவிடும். அடுத்த ஸ்ப்ரிண்ட் திட்டமிட உட்காரும்போது யாராவது ஒருத்தர், எரிச்சல் இல்லாமல், சும்மா ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி, அந்தப் பழைய கேள்வியைக் கேட்டால் போதும்.

"இதை யார் கமிட் பண்ணது?"

பதிலாக டீமில் இருந்து ஒரு கை உயர்ந்தால், அந்த வேலை முடிந்துவிடும். எந்தக் கையும் உயராவிட்டால், அந்த ஸ்டோரியைப் பட்டியலிலேயே திரும்ப வைத்துவிடலாம். டால்பின் நோஸ் பார்க்க ஐந்து பேரும் போகலாம்.